சிக்னலம்மாவின் ஜன்னல்

கேட் மூடினால் போதும், இந்த ஊர்க்காரர்களுக்கு வாய் திறந்துவிடும். "கூட்ஸ் வந்துட்டான்யா, இன்னைக்குப் பொழுது போச்சு" என்று பைக்கில் உட்கார்ந்தபடியே ஒரு பாட்டம் திட்டித் தீர்ப்பார்கள். கட்டிக்கொண்டிருக்கும் மாடிக்கு சிமென்ட் எதில் வந்தது, காலையில் டீயில் கலக்கிய சர்க்கரை எதில் வந்தது என்று கேட்டுப் பாருங்கள், கடையிலிருந்து என்பார்கள். கடைக்காரர் என்ன, கொல்லைப்புறத்தில் பயிர் வைத்தா எடுத்துக் கொடுக்கிறார்? எல்லாம் அந்த கேட்டைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். சரி, பேசுகிறவர்கள் பேசிவிட்டுப் போகட்டும். இந்தக் கதை அவர்களைப் பற்றியது இல்லை.

கேட்டுக்கு அந்தப் பக்கம் கூட்ஸ் யார்டு. பக்கத்துப் பக்கத்தில் ஓடும் தண்டவாளங்கள், ஒரு நீளமான தகரக் கொட்டகை, கனமான சரக்கை இறக்க ஒரு கிரேன், எந்நேரமும் காற்றில் மிதக்கும் சிமென்ட் தூசி. வெளியூரிலிருந்து வரும் வண்டி மொத்தமாக வந்து நிற்கும். அதைப் பிரித்து சிமென்ட் பெட்டிகளை ஒரு லைனுக்கும், உரப் பெட்டிகளை இன்னொரு லைனுக்கும், கோதுமையைக் கொட்டகைக்கும் தள்ள வேண்டும். இறக்கி முடித்த காலிப் பெட்டிகளைக் கோத்து மறுபடி ஒரு வண்டியாக்கி அனுப்ப வேண்டும். பிரிக்கவும் கோக்கவும் ஓர் ஆள் வேண்டும் இல்லையா? அந்த ஆள்தான் கொக்கி.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளத்தன்று மட்டும் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், அவருக்கே ஒரு நொடி யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று தோன்றும். மற்ற நாளெல்லாம் கொக்கிதான். இளசுகளுக்குக் கொக்கியண்ணன். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே குனிந்து நுழைய வேண்டும், குழந்தை கனத்துக்கு இருக்கும் இரும்புக் கொக்கியைத் தூக்கி எதிர்ப் பெட்டியில் மாட்டித் திருகி இறுக்க வேண்டும், பிரேக்குக்கான காற்றுக் குழாயை இணைத்துவிட்டு வெளியே வர வேண்டும். பிறகு அடுத்த இடுக்கு. வண்டியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் இதே வேலை. குனிந்து குனிந்து மனிதரே கொக்கி மாதிரி ஆகிவிட்டார் என்று கிரேன்காரர் கிண்டல் செய்வார்.

யார்டில் எத்தனையோ விதிகள் இருக்கின்றன. நமக்கு இரண்டு தெரிந்தால் போதும். ஒன்று, பெட்டிகள் அசையாமல் நின்ற பிறகுதான் ஆள் நடுவே போக வேண்டும். இன்னொன்று, லைன் பக்கத்தில் யார் எதைப் பிடித்து வேகமாக ஆட்டினாலும் டிரைவர் வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். கொடியோ, சட்டையோ, வெறும் கையோ, எந்த நிறமானாலும் சரி. ஆட்டினவன் பைத்தியமாக இருந்தாலும் முதலில் நிறுத்து, அப்புறம் கேள்.

யார்டை ஒட்டியே குவார்ட்டர்ஸ். மாடியில் கொக்கியின் வீடு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் யார்டு முழுக்கத் தெரியும், கொட்டகைக் கூரை மறைக்கிற மூலையைத் தவிர. கல்யாணமாகி வந்த புதிதில் அவர் மனைவி ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டாள். மதியச் சமையல் முடிந்ததும் ஒரு மஞ்சள் துணியை ஜன்னல் கம்பியில் தொங்கவிடுவாள். சும்மா தொங்கும், ஆட்ட மாட்டாள். அந்த விதியெல்லாம் வந்த வாரமே தெரிந்துகொண்டவள். மஞ்சள் துணி தெரிந்துவிட்டால் இஞ்சினிலிருந்து டிரைவர் கத்துவார், "கொக்கியண்ணே, வீட்டு சிக்னல் விழுந்துடுச்சு! போய் கொட்டிக்கிட்டு வாங்க!" கொக்கி வெட்கத்தோடு கையைத் துடைத்துக்கொண்டு நடப்பார். அப்படித்தான் அவளுக்கு சிக்னலம்மா என்று பெயர் விழுந்தது. அவளுக்கும் அந்தப் பெயரில் கொள்ளைப் பெருமை.

ஒரே ஒரு பெண். படிக்க வைத்து, வெளியூரில் கட்டிக்கொடுத்தார்கள். அவளுக்குப் பிரசவ வலி கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த நாள்தான் எல்லாம் தலைகீழாக மாறிய நாள்.

அன்றைக்குக் கொக்கிக்கு உடம்பு யார்டிலும் மனசு ஆஸ்பத்திரியிலும் இருந்தது. சீக்கிரம் முடித்துவிட்டு சாயங்கால பஸ்ஸைப் பிடித்துவிட வேண்டும் என்று பறந்துகொண்டிருந்தார். இஞ்சின் பெட்டிகளை மெல்லத் தள்ளிக்கொண்டு வந்தது. இன்னும் நிற்கவில்லை, ஊர்ந்துகொண்டுதான் இருந்தது. நிற்கட்டும் என்று ஒதுங்கி நிற்க வேண்டியவர் நிற்கவில்லை. குனிந்து உள்ளே நுழைந்துவிட்டார். அதே நேரம் பார்த்து மாடியில் போன் அடித்தது. பேத்தி பிறந்திருக்கிறாள், தாயும் சேயும் சுகம். சிக்னலம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கைக்குக் கிடைத்த சிவப்புத் துண்டை உருவி, ஜன்னலுக்கு வெளியே நீட்டி, சிரித்துக்கொண்டே சுழற்று சுழற்று என்று சுழற்றினாள்.

டிரைவர் பார்த்தார், பிரேக்கைப் போட்டார். அவர் செய்ததுதான் சரி. ஊர்ந்து வந்த பெட்டிகள் ஒன்றோடொன்று மோதி, முன்னும் பின்னும் ஒரு குலுங்கு குலுங்கின. அந்தக் குலுங்கலில் கொக்கியின் வலது கை இரும்புக் கொக்கிக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. நடுவிரலும் மோதிர விரலும் போயின.

விசாரணை வைத்தார்கள். யார்டு அதிகாரி நேராகக் கேட்டார், "நீங்க உள்ள போனப்போ பெட்டி நின்னுடுச்சா?"

நிற்கவில்லை என்று சொன்னால் வேலை போய்விடும். கொக்கி கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நின்னுடுச்சுங்க. நின்ன பிறகு கொக்கி எட்டறதுக்காக இஞ்சின் எப்பவும்போல லேசா நெருக்கிச்சு. அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரி துண்டை ஆட்டிட்டா."

அவ்வளவுதான். டிரைவர் மேலும் தப்பில்லை, கொக்கி மேலும் தப்பில்லை. குவார்ட்டர்ஸ் ஜன்னலில் இருந்து தேவையில்லாமல் துணியை ஆட்டிய பெண் பிள்ளை மேல்தான் எல்லாம் போய் விழுந்தது. அதோடு விட்டாரா மனிதர்? கை வலி ஒரு பக்கம், பொய் சொன்ன எரிச்சல் ஒரு பக்கம், வீட்டு வாசலில் நாலு பேர் நிற்கும்போது அவளைப் பார்த்துக் கத்தினார். "அறிவிருக்கா உனக்கு? இனிமே அந்த ஜன்னல்ல உன் கை தெரிஞ்சுது, நடக்கிறதே வேற!"

அவள் உள்ளே போய் அந்த சிவப்புத் துண்டை அடுப்பில் போட்டாள். மறுநாளிலிருந்து மஞ்சள் துணியும் தொங்கவில்லை. டிரைவர் மாத்திரம் கொஞ்ச நாள் பழக்க தோஷத்தில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? சண்டையா, முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாளா என்றால் அதெல்லாம் இல்லை. சண்டை போட்டிருந்தால்கூடக் கொக்கி பிழைத்திருப்பார். தினமும் காலையில் அவர் எதிரே வந்து நின்று, சட்டைப் பொத்தான்களை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் போட்டுவிடுவாள். இரண்டு விரல் இல்லாத கைக்குப் பொத்தான் பிடிபடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆறு மாதத்தில் கொக்கி இடது கையாலேயே போடக் கற்றுக்கொண்டுவிட்டார். கொக்கி மாட்டவே கற்றுக்கொண்டவருக்குப் பொத்தான் ஒரு பெரிய விஷயமா? ஆனால் சொல்லவில்லை. பொத்தான் போடும் அந்தக் கொஞ்ச நேரம் மட்டும்தான் அவள் முகம் அவருக்கு அவ்வளவு கிட்டே வந்தது.

பேத்தியின் பிறந்தநாள் வந்தால் மகள் போன் செய்வாள். சிக்னலம்மா வாழ்த்துச் சொல்லிவிட்டு, போனை அவரிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவாள். "அம்மாவுக்கு என்னப்பா, சந்தோஷமே இல்லாம பேசறாங்க?" என்று மகள் கேட்பாள். "அவளுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கா" என்பார் கொக்கி. வேறு என்ன சொல்வார்?

வருஷங்கள் ஓடின. யார்டும் மெலிந்துகொண்டே வந்தது. ஊருக்கு வெளியே புதிதாக ஒரு பெரிய சரக்கு முனையம் கட்டினார்கள். அங்கே கொக்கி மாட்ட ஆள் வேண்டாம், பெட்டிகள் இடித்தால் தானாகவே பூட்டிக்கொள்ளும். சிமென்ட் முதலில் அங்கே போனது, பிறகு கோதுமை. குவார்ட்டர்ஸில் ஒவ்வொரு வீடாகப் பூட்டு தொங்கியது. கீழ்வீட்டுக்காரரும் மாற்றலாகிப் போனார். உரமும் இரும்பும் இறங்குகிற வரைக்கும் இந்த யார்டு ஓடும், அதற்குள் கொக்கிக்கும் ஓய்வு வந்துவிடும் என்று பேச்சு.

அந்தச் சமயத்தில்தான் சிக்னலம்மா மாடிப்படியில் பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் பார்த்துவிட்டு இதயம் பலவீனம் என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். "மறுபடி நெஞ்சு வலிச்சா ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. உடனே தூக்கிட்டு வரணும். பொறுத்துக்கலாம்னு உக்காந்தா அவ்வளவுதான்" என்று கொக்கியைத்தான் பார்த்துச் சொன்னார்.

கொக்கி வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டார். லைனில் இறங்கும்போது போன் கொண்டுபோகக் கூடாது, யார்டு அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டும். யார்டு ஆபீஸ் போனை எடுக்க ஆள் இருப்பதே அபூர்வம். அக்கம்பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. அப்படியானால் இருப்பது அந்த ஜன்னல் ஒன்றுதான். மாடியில் இருந்து ஒரு துண்டு ஆடினால் போதும், யார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கும். அவர் ஒரே ஓட்டத்தில் வீட்டுக்கு வந்துவிடுவார்.

கடைக்குப் போய் நல்ல சிவப்பாக ஒரு துண்டு வாங்கி வந்து ஜன்னல் கம்பியில் கட்டினார். "இந்தா பாரு, நெஞ்சு லேசா பிசைஞ்சாக்கூட இதை உருவி ஆட்டிடு. எந்த வண்டி நின்னாலும் நிக்கட்டும். எவன் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன்."

சிக்னலம்மா துண்டைப் பார்த்தாள், பிறகு அவருடைய வலது கையைப் பார்த்தாள். "மிச்சம் இருக்கிற விரலும் உங்களுக்கு வேண்டாமா?" என்றாள்.

"அட, அதெல்லாம் ஒன்னும் ஆகாது."

"ஆகாதுன்னு எப்படித் தெரியும்? அன்னைக்கும்தான் ஆகாதுன்னு நினைச்சு ஆட்டினேன். விரலோட போச்சு. தலை மாட்டியிருந்தா? பேத்தி பிறந்த அன்னைக்கே என் தாலியை நானே அறுத்துக்கிட்டிருப்பேன். என்னால ஆகாதுங்க. நீங்க அந்த இடுக்குல இருக்கிறப்போ நான் ஆட்ட மாட்டேன்."

கொக்கிக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷம் அவர் திட்டியதற்குக் கோபித்துக்கொண்டுதான் ஜன்னல் பக்கம் வருவதில்லை என்று நினைத்திருந்தார். கோபமும் இல்லை ஒன்றும் இல்லை. தான் கையை அசைத்தால் புருஷன் செத்துப்போவான் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள் பாவி மகள். நம்ப வைத்தவர் அவர்தான்.

சொல்லிவிட்டால் தீர்ந்தது. 'அடி அசடே, உன்னால இல்ல. பெட்டி நிக்கிறதுக்கு முன்னாடி நான்தான் உள்ள போனேன். இப்போ வயசான காலத்துல நான் அப்படிப் போறதே இல்ல. நீ தாராளமா ஆட்டு.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. மனசுக்குள் நூறு தடவை சொல்லிப் பார்த்தாகிவிட்டது. சொன்னால் வேலை போகும் என்ற பயம்கூட இப்போது இல்லை. ஓய்வு பெறப் போகிறவரை யார் கேட்கப் போகிறார்கள்? பயம் வேறு. காலையில் எதிரே வந்து நின்று பொத்தான் போடுகிறவள், அதைக் கேட்ட பிறகு எந்த முகத்தோடு அவரைப் பார்ப்பாள்?

ஒருநாள் மதியம் சாப்பிடும்போது துணிந்து ஆரம்பித்தார். "அன்னைக்கு என் கை மாட்டிச்சுல்ல, அது வந்து..."

"அந்தப் பேச்சை எடுக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றாள் அவள். கண் கலங்கிவிட்டது. "நான் செஞ்ச பாவம், என்னோட போகட்டும். சாப்பிடுங்க."

கொக்கி தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். நாளைக்குச் சொல்லலாம், ஓய்வு பெற்று மகள் வீட்டுக்குப் போன பிறகு நிதானமாக உட்காரவைத்துச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டார். துண்டு ஜன்னலில் அப்படியே கட்டிக் கிடந்தது. வெயிலில் வெளுத்தும் போனது.

அந்த நாளும் ஒரு சாதாரண நாள்தான். காலையில் பொத்தான் போடும்போது அவள் கை கொஞ்சம் சில்லென்று இருந்தது. "மாத்திரை போட்டியா?" என்று கேட்டார். "போட்டாச்சு, போட்டாச்சு. நீங்க கிளம்புங்க" என்றாள். உரம் இறக்கிய காலிப் பெட்டிகளைக் கோத்து மதியத்துக்குள் அனுப்ப வேண்டியிருந்தது. கொக்கி ஒவ்வோர் இடுக்காக நுழைந்து, மாட்டி, இறுக்கி, வெளியே வந்து, அடுத்ததில் நுழைந்தார். வேலை முடிந்து அலமாரியைத் திறந்து போனை எடுத்தபோது அதில் அவள் கூப்பிட்டிருந்தது தெரிந்தது. ஓடினார். அந்த வயதில் அவர் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. சமையலறையில் ஜன்னலுக்குக் கீழே, சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உடம்பு இன்னும் சூடாகத்தான் இருந்தது, உயிர்தான் இல்லை. கம்பியில் கட்டியிருந்த துண்டு அவள் மடியில் கிடந்தது. வலி தாளாமல் கம்பியைப் பிடித்தபோது அவிழ்ந்து விழுந்திருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். கொக்கியும் அப்படித்தான் நினைக்க விரும்பினார்.

மகள் வந்தாள். அழுது, எல்லாக் காரியங்களையும் முடித்து, வந்தவர்கள் கலைந்த பிறகு அப்பாவோடு சில நாள் தங்கினாள். காரியம் முடிந்த மறுநாள் காலையில் அவர் குளித்துவிட்டு வந்து சட்டையை மாட்டிக்கொண்டு, இடது கையால் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார். மகள் காப்பியோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "உங்களுக்குப் போட வருமாப்பா? அம்மா தினமும் இதுக்காகவே எழுந்திரிப்பாங்களே. என் வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் இருங்கன்னு சொன்னாக்கூட, அப்பாவுக்குப் பொத்தான் போட ஆளில்லம்பாங்க." கொக்கி பாதியில் நின்ற பொத்தானைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் கிரேன்காரர் வந்தார். கொக்கிக்கு யார்டில் இருந்த பழைய சிநேகிதர் அவர் ஒருவர்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். சொல்லலாமா வேண்டாமா என்று மென்று விழுங்கினார். பிறகு மகளைப் பார்த்துத்தான் பேசினார்.

"மனசு கேக்கலம்மா, அதான் வந்தேன். கிரேன் மேல உக்காந்தா உங்க வீட்டு ஜன்னல் நேரா தெரியும். அன்னைக்கு அம்மா நின்னுக்கிட்டு இருந்தாங்க. கையில அந்தச் சிவப்புத் துண்டு இருந்துச்சு."

கொக்கி நிமிர்ந்தார்.

"ஆட்டல. இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு அண்ணனையே பாத்துக்கிட்டு நின்னாங்க. அண்ணன் பெட்டிக்கு நடுவுல போனா கையைக் கீழ இறக்கிடுவாங்க. வெளிய வந்தா தூக்குவாங்க. இவரு வந்த கையோட அடுத்த இடுக்குல நுழைஞ்சுடுவாரு, மறுபடி இறக்கிடுவாங்க. இப்படியே நடந்துச்சு. நான் மடையன், துண்டு காயப்போட வந்திருக்காங்க, அப்படியே வேடிக்கை பாக்கறாங்கன்னு நினைச்சுட்டேன். அப்புறம் திரும்பிப் பாத்தேன், ஆளைக் காணோம். ஒரு குரல் குடுத்திருக்கலாம் நான். படுத்தா தூக்கம் வரலம்மா."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கேட்டாள். "இஞ்சின் ஓடிட்டு இருந்துச்சா அங்கிள்? திடீர்னு நின்னா அப்பா மாட்டிக்குவாருன்னு பயந்துட்டாங்களா?"

கிரேன்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "இஞ்சின் எங்கம்மா இருந்துச்சு? பெட்டிகளைச் சேர்த்து விட்டுட்டு டீசல் போடப் போயிடுச்சு. கொட்டகை மறைக்குதுல்ல, மாடியில இருந்து பாக்கறவங்களுக்கு அது தெரியாது. வெறும் பெட்டிங்க. ஆட்டியிருந்தா ஒரு இரும்பும் அசைஞ்சிருக்காது."

அவர் கிளம்பிப் போனார். தூரத்தில் கேட் மூடி, ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். மகள் தனக்குத்தானே பேசுவது போல, "எல்லாம் என் குழந்தை பிறந்த அன்னைக்கு நடந்தது. அதுக்கப்புறம் அம்மா மனசு விட்டுச் சிரிச்சு நான் பாக்கல. அவங்க ஆட்டினதாலதான் உங்க விரல் போச்சுன்னு..." என்று ஆரம்பித்தாள்.

"அவ ஆட்டினதால போகல" என்றார் கொக்கி.

மகள் திரும்பினாள்.

"பெட்டி நின்ன பிறகுதான் உள்ள போகணும். நீ ஆஸ்பத்திரியில இருந்தே, சாயங்கால பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம் எனக்கு. ஓடிட்டு இருந்த பெட்டிக்கு நடுவுல நானாத்தான் போனேன். விசாரணையில வேலை போயிடும்னு அவ மேல போட்டுட்டேன். நின்ன பெட்டின்னா அவ என்ன ஆட்டியிருந்தாலும் எனக்கு ஒன்னும் ஆகியிருக்காதும்மா."

மகள் அவருடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு விரல் இல்லாத அந்தக் கை மடியில் கிடந்தது. அவள் திட்டுவாள், கத்துவாள் என்று கொக்கி காத்திருந்தார். அவள் கத்தவில்லை. அம்மாவைப் போலவே மெதுவாகத்தான் கேட்டாள்.

"இதை அம்மாகிட்ட ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தா, அன்னைக்கு ஆட்டியிருப்பாங்களேப்பா."